பியானோ மேல் குற்றம் இல்லை

பியானோ இருக்கும் அறையில் கண்ணாடி போட்ட படம் மாட்டக் கூடாது, சார். அதனால்தான் என் வீட்டுக்காரர் படம் அடுப்படியில், மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாலை போட்டுச் சந்தனம் வைத்து எல்லாம் முறையாகத்தான் செய்திருக்கிறேன். செத்த மனுசனைக் கொண்டுபோய் அடுப்படியில் வைப்பாளா ஒருத்தி என்று காரியத்தன்றே என் நாத்தனார் ஆடித் தீர்த்துவிட்டாள். வாசிக்கும்போது கண்ணாடி அதிரும் என்றால் அவளுக்கு என்ன புரியப்போகிறது. உங்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் திருச்சியில் கான்வென்ட் ஹாஸ்டலில் இருந்து படித்தவள். பியானோ பழகியது அங்கேதான். பியானோவில் கடைசிப் பரீட்சைக்கு முன்னால் கல்யாணம் வந்துவிட்டது. இலுப்பூருக்கு வந்த புதிதில் ஒரு பழைய பியானோவாவது வாங்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "வீட்டுக்குள்ள டொய்ங் டொய்ங்குன்னு என்னத்துக்கு?" என்றார். அத்தோடு சரி. என் வீட்டுக்காரர் தங்கமுத்துக்குக் காளைதான் உயிர் என்று ஊருக்கே தெரியும். கடைசியாக வைத்திருந்தது ஒரு செவலை. அதன் கழுத்தில் வெண்கலச் சலங்கை கோத்த தோல்பட்டை. அந்தச் சத்தத்தில்தான் தினமும் எனக்கு விடியும். இத்தனை வருசத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

போன வருசம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மாட்டை யார் கட்டி மேய்ப்பது? விற்றேன். அடுத்த மாதமே இந்தப் பியானோ வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தெருவில் பேசினார்கள். பேசட்டும்.

சலங்கைப் பட்டையை மட்டும் நான் விற்கவில்லை. நானே அதை அவர் கட்டில் கம்பியில், இடது கைக்கு எட்டும்படி கட்டினேன். அவருடைய கட்டில் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டிக் கிடந்தது. தொண்டையில் சளி அடைத்தால் பட்டையைப் பிடித்து அசைப்பார். அவரைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த சரண்யா ஓடிப்போய், ஒருக்களித்துப் படுக்க வைத்து, மெஷினைப் போட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பாள். கொஞ்சம் தாமதித்தாலும் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னிடம்தான் சொன்னார். நான் மறக்கவில்லை.

விட்டுப்போன பரீட்சையை இப்போது வீட்டிலிருந்தே எழுதலாம், சார். வாசிப்பதை வீடியோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். நடுவில் வெட்டு ஒட்டு இருக்கக் கூடாது. பணம் கட்டிப் பெயர் கொடுத்த பிறகுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. இடது கைப் பக்கம் ஒரே ஒரு கட்டை. அதை அமுக்கினால் மட்டும் கூடவே ஒரு கிர்ர். மற்ற கட்டைகளெல்லாம் சுத்தம். என் பாட்டு அந்தக் கட்டைக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சோறு இறங்கவில்லை எனக்கு.

திருச்சியிலிருந்து ட்யூனர் அன்வர் பாட்சாவை வரவழைத்தேன். வாய் ஓயாத மனிதர். முன்பலகையைக் கழற்றி, உள்ளே கிடந்த பென்சில் துண்டையும் ஒரு கொண்டை ஊசியையும் எடுத்து, இதுதாங்க திருடன், பிடிச்சாச்சு என்று சிரித்தார். கட்டையை அமுக்கினால் மறுபடியும் கிர்ர். சாயங்காலம் வரை பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பியானோ மேல குத்தம் இல்லீங்கம்மா. வீட்டுல எதுவோ இதுகூடச் சேந்து பாடுது. ஒருத்தர் கட்டையை அமுக்கிக்கிட்டே இருங்க, இன்னொருத்தர் ஒவ்வொரு சாமானா கையை வச்சுப் பாருங்க. எதைத் தொட்டா சத்தம் நிக்குதோ அதுதான்."

மறுநாள் சரண்யாவைக் கட்டையை அமுக்கச் சொல்லிவிட்டு நான் தேடினேன். கடிகாரம், ஜன்னல் கண்ணாடி, ஷோகேஸில் இருந்த தம்ளர்கள், காலண்டர் தகரம். ஒவ்வொன்றாக வெளியே தூக்கி வைத்தேன். அறை மொட்டையாகிவிட்டது, சத்தம் போகவில்லை. கடைசியில் அவர் அறைக்குள் போனேன். சலங்கைப் பட்டை கட்டில் கம்பியில் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. கையை வைத்தேன். நின்றது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், சார். பாதி வாய்தான் சிரிக்கும். நான் அந்தக் கட்டையைத் தொடும்போதெல்லாம் தன் காளைச் சலங்கை கிணுகிணுப்பதை இத்தனை நாளும் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். இந்த வீட்டில் என் சத்தம் என்று ஒன்று வந்தால், அதிலும் அவர் மாடு வந்து நிற்க வேண்டுமா?

சலங்கையில் துணியைச் சுற்றினேன், உதறிவிட்டார். சுவிட்சை அமுக்கினால் அடிக்கிற பெல் ஒன்று வாங்கி வரட்டுமா அம்மா என்று சரண்யா கேட்டாள். பரீட்சை முடியட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை. கடைத்தெருவில் கிடைக்கிற சாமான்தான்.

பக்கத்து ஊர் ஜல்லிக்கட்டு அன்று வீடியோ எடுப்பதென்று வைத்துக்கொண்டேன். ஊரே அங்கிட்டுப் போய்விடும், தெருவில் ஒரு வண்டிச் சத்தம் இருக்காது. நம்ம செவலையை இன்னைக்கு அவுத்து விடுறாங்களாம் ஐயா என்று சரண்யா அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவளை நான்தான் போகச் சொன்னேன். அவள் போனதிலிருந்து அவர் சலங்கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்தேன். சளி இல்லை, ஒன்றுமில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வழிந்தது. கம்பியிலிருந்து பட்டையை அவிழ்த்தேன். அவர் பிடியை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தேன்.

"அரை மணி நேரந்தாங்க. முடிஞ்சதும் கையிலயே தாரேன்."

மின்விசிறியை நிறுத்தினேன். அதுவும் சத்தம்தானே. கதவைச் சாத்தினேன். பட்டையைக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதல் தடவை விரல் தடுக்கியது. அடுத்த தடவை பக்கம் புரட்டுவதில் பிசகிவிட்டது. அதற்கே சொன்ன நேரம் தாண்டிவிட்டது. இடையில் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பார்த்தால் கை ஆறிப்போகும். மூன்றாவது தடவை நன்றாக அமைந்தது. அந்தக் கட்டை அவ்வளவு சுத்தமாகப் பேசியது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. முடித்து, காபி போட்டுக் குடித்து, வீடியோவை ஒருமுறை முழுக்கக் கேட்டு, அனுப்பிவிட்டுத்தான் அவர் அறைக் கதவைத் திறந்தேன். உடம்பில் சூடு இருந்தது. இடது கை முட்டி தோல் உரிந்திருந்தது. சுவர் சுண்ணாம்பு அதில் ஒட்டியிருந்தது.

வீடியோவில் நடுப்பகுதியில் ஒரு சின்னக் குறை இருக்கிறது. டொக் டொக்கென்று ஒரு சத்தம். பாட்டின் தாளத்தோடு ஒட்டவில்லை, முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. கடைசிப் பக்கத்தில் அதுவும் இல்லை. பெடலில் ஏதோ தளர்ந்திருக்கிறது என்று அன்வர் பாட்சாவுக்கு அனுப்பிக் கேட்டேன். போன் செய்தார். அந்த வாய் ஓயாத மனிதர் அன்று ஒரே வரிதான் பேசினார். "அம்மா, இது பியானோ இல்லீங்க" என்றார். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது அவர்தான் என்று எனக்குத் தெரியும். அவர் மேல் வருத்தமில்லை. ஆனால் பெடலைப் பார்க்க வரமாட்டேன் என்கிறார்.

வாசிக்கும்போதே கேட்டதா என்றால், கேட்டது. எங்கேயிருந்து வருகிறது என்றும் தெரிந்தது. அதை மறைக்கத்தான் அந்த இடத்தில் பலமாக வாசித்தேன். அங்கே மென்மையாக வாசிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது என் தவறுதான், சார். மார்க் குறைத்தால் நியாயம்.