இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே

வணக்கம் ஐயா. நீங்கள் இந்த அறைக்குள் வந்தபோது எனக்கு வணக்கம் சொல்லவில்லை. பரவாயில்லை, போலீஸ் வேலையில் ஆயிரம் தொல்லை இருக்கும்.

என் பெயர் எவரிஸ்தோ. மாகாண ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறேன். போன புயலில் இன்னொரு லிஃப்ட் கெட்டுப்போனதிலிருந்து ஸ்ட்ரெச்சர் ஏற்ற இது ஒன்றுதான். பழைய லிஃப்ட். பொத்தான் கிடையாது, கைப்பிடியைத் திருப்பினால்தான் நகரும்.

நம் ஊரில் பேருந்தில் ஏறுகிறவன்கூட முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறான். எங்கள் டாக்டர்களுக்கு மட்டும் வாயில் கொழுக்கட்டை. "மூணு" என்பார்கள். "ரெண்டு" என்பார்கள். அவர்களுக்கு நானும் லிஃப்டில் ஓர் உறுப்பு. வருஷக்கணக்கில் பொறுத்தேன். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது, அவ்வளவு ஆத்திரம்.

முறையாக விசாரிப்பவன் ஒருவன்தான். வாசலில் காபி விற்கும் க்ருசீத்தோ. பிளாஸ்க்கோடு வார்டுகளுக்கு ஏறும்போதெல்லாம், பெயருக்கு முன்னால் மரியாதையாக ஒரு 'தோன்' போட்டுக் கேட்பான்.

"எப்படி விடிஞ்சுது, தோன் எவரிஸ்தோ?"

"கடவுள் புண்ணியத்துல நல்லா விடிஞ்சுது. உனக்கு?"

"உங்க மூஞ்சியில முழிச்சிருக்கேன். இனிமே விடிஞ்சாத்தான் உண்டு."

வணக்கம் சொல்லாதவர்களைக் கொஞ்சம் காக்க வைக்க ஆரம்பித்தேன். மாடிகளுக்கு நடுவே நிறுத்திவிடுவேன். "மறுபடி மக்கர் பண்ணுதா?" என்பார்கள். ஆமாம் என்பேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் யோகாஸ்தா ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு கை நோயாளியின் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. "மூணு. சீக்கிரம்." மூன்றில்தான் ஆபரேஷன் தியேட்டர். இரண்டைத் தாண்டியதும் லிஃப்டை நிறுத்தி, கைப்பிடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னய்யா பண்றே? வாசல்ல லாரி மோதின ஆளு. உள்ள ரத்தம் கொட்டுது. ஏத்துய்யா."

"எதையோ மறந்துட்டீங்க டாக்டர்" என்றேன்.

அவர் கத்தினார். கைப்பிடியைப் பிடுங்கப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை. என் தாயைத் திட்டினார். கடைசியில் அழுதுகொண்டே கெஞ்சினார். எல்லாம் சொன்னார், அதை மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டு வாங்கினால் அது மரியாதையா, ஐயா?

ஸ்ட்ரெச்சரை நான் பார்க்கவே இல்லை. என் கண் டாக்டரின் வாய்மேல் இருந்தது. அப்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கை எழுந்து ஆக்சிஜன் மாஸ்கை விலக்கியது. க்ருசீத்தோ. நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது அந்த லிஃப்டில் அவனுக்கு மட்டும்தான் புரிந்திருந்தது.

"எப்படி... விடிஞ்சுது... தோன் எவரிஸ்தோ?"

விசாரித்தவனுக்குப் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. "கடவுள் புண்ணியத்துல நல்லா விடிஞ்சுது. உனக்கு?" என்றேன். அவன் பதிலுக்குச் சற்றுக் காத்திருந்தேன். பிறகு கைப்பிடியைப் பொருத்தி மேலே ஏற்றினேன்.

கதவு திறந்தபோது அவன் உயிரோடு இல்லை என்கிறார்கள். நான்தான் கொன்றேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். லிஃப்டை நிறுத்தியது நான்தான், வேண்டுமென்றேதான். அதை மறுக்கவில்லை. ஆனால் வணக்கம் சொன்ன ஒருவரை நான் ஒருநாளும் காக்க வைத்ததில்லை. க்ருசீத்தோ இருந்திருந்தால் அவனே வந்து சொல்லியிருப்பான்.