ஆறு கால் வால்வு

கூரை விழுகிறது. விட்டம் முதலில். பிறகு செங்கல். பிறகு மண்.

மேசைக்கு அடியில் கிடக்கிறேன். வாய் நிறையப் புழுதி. ஹெட்போன் காதில்தான் இருக்கிறது. அதில் இரைச்சல்கூட இல்லை. வெளியே அடுத்த குண்டு வருகிறது. பெரிய பீரங்கிக் குண்டு வரும்போது, ஜவுளிக்கடைக்காரர் கோடித் துணியைக் கிழிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். சத்தம் தலைக்கு மேலே போய்விட்டால் பிழைத்தோம். பாதியில் நின்றால் இல்லை. இது பாதியில் நிற்கிறது. "படு, படு!" என்று யாரோ இந்தியில் கத்துகிறார். தரை ஒருமுறை தூக்கிப் போடுகிறது. பொத்துப் பொத்தென்று மண்கட்டிகள். பிறகு ஒரு எருமை கத்துகிறது. வெகுநேரம் கத்துகிறது.

எழுந்து வயர்லெஸ் செட்டைப் பார்க்கிறேன். விட்டத்தின் முனை அதன்மேல் விழுந்திருக்கிறது. மூடி நசுங்கிவிட்டது. உள்ளே கண்ணாடிக் குமிழ் மாதிரி இருக்கும் வால்வுகளில் இரண்டு தூள்.

1971 டிசம்பர். மேற்கு எல்லை. பஞ்சாபில் ஒரு கிராமம். ஊர்க்காரர்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு விவசாயி வீட்டில் நாங்கள் வயர்லெஸ் வைத்திருந்தோம். நான் ஆப்பரேட்டர். பெயர் முருகேசன். கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் வடக்கனந்தல். கூலிக்காரர் மகன்.

வீட்டுக்கு எதிரே பாதி வெட்டிக் கிடந்த கரும்புக் கொல்லை. அதைத் தாண்டினால் கால்வாய். அதன்மேல் ஒரு நடைபாலம். அக்கரையில் எங்கள் பதுங்குகுழி. அதில் ஏழு பேர். அவர்களிடம் முதுகில் சுமக்கிற சின்ன செட் ஒன்று; எங்களோடு மட்டும்தான் பேசும், தலைமையகத்தின் குரல் அதற்கு எட்டாது. அதை வைத்திருந்தவன் சடையன். கல்வராயன் மலைக்காரன். நானும் அவனும் ஒரே நாளில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போனவர்கள். அந்த ஏழு பேரில் தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெள்ளிமலையிலிருந்தும் மேலே நடக்க வேண்டும் அவன் ஊருக்கு. அப்போது மலையில் ஜாகீர்தார் வைத்ததுதான் சட்டம். ஏர் ஓட்டினால் வரி. கூப்பிட்டால் கூலியில்லாமல் வேலை. சுதந்திரம் வந்த சேதியே அந்த மலைக்குப் போய்ச் சேரவில்லை. அங்கிருந்து ஒருவன் நாட்டைக் காக்கப் புறப்பட்டான் என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். எனக்குச் சால்வை போர்த்துகிறார்கள். நான் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவன் சோற்றுக்குப் போனான். நானும் சோற்றுக்குத்தான் போனேன்.

கேப்டன் உள்ளே வருகிறார். நெற்றியில் ரத்தம். வடக்கத்தியர். நல்ல மனிதர். அதையும் எழுதிவைக்கிறேன். செட் எப்போது பேசும் என்று கேட்கிறார். மாற்று வால்வுப் பெட்டி லாரியில் இருக்கிறது என்கிறேன். வாசலைக் காட்டுகிறார். லாரி எரிந்துகொண்டிருக்கிறது.

அவருக்கு வேறு கவலை இருந்தது. முதல் நாள் எதிரி எங்கள் அலைவரிசையில் நுழைந்து சுத்தமான இந்தியில் பேசியிருந்தான். பின்வாங்கு என்று கட்டளை. வேறொரு காவல்குழியில் இருந்தவர்கள் அதை நம்பி வெளியே வந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அதனால் அன்றிலிருந்து, அடையாளச் சொல் சொன்னால்தான் நகரவேண்டும் என்று உத்தரவு. விடிந்ததும் புதுச் சொல்லை நான் சடையனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் கூரை வந்துவிட்டது.

சொல்லைக் கொடுத்து ஒரு சிப்பாயை ஓடச் சொன்னார். அவன் குனிந்து ஓடினான். மோர்ட்டார் குண்டு. விழுகிற கடைசி நொடியில்தான் அது விசில் அடிக்கும். அவன் கரும்பைத் தாண்டவில்லை.

உள்ளறை அலமாரியில் அந்த வீட்டுக்காரரின் ரேடியோ இருந்தது. பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருந்தார்கள். மரப்பெட்டி. பழசு. பின்பலகையைப் பிடுங்கினேன். எனக்கு வேண்டிய ஜாதி வால்வு இரண்டு இருந்தது. ஒன்றின் உள்பக்கம் வெள்ளை பூத்திருந்தது. காற்று புகுந்துவிட்டால் அப்படி வெளுக்கும். அது செத்த வால்வு. மற்றது நன்றாக இருந்தது. ஆனால் ஆறு கால். எங்கள் செட்டின் சாக்கெட்டில் எட்டு ஓட்டை.

கேப்டன் என் முகத்தைப் பார்த்தார். பொருந்தாது என்று சொல்வேன் என நினைத்திருப்பார்.

பட்டாளத்துக்கு முன்னால் கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தேன். மணலூர்பேட்டை, எலவனாசூர்கோட்டைப் பக்கத்து மிராசுகள் வீட்டிலிருந்து கிழட்டு ரேடியோக்கள் வரும். அதற்கு ஏற்ற வால்வு எங்கும் கிடைக்காது. முதலாளி கிடைத்த வால்வைப் போடுவார். உள்ளே சரக்கு ஒன்றுதான், கால்தான் வேறு. உடைந்த வால்வின் அடிக்கட்டையை எடுத்து, கண்ணாடியைச் சுரண்டிவிட்டு, அதன் தலையில் வேறு சாக்கெட்டை உட்கார வைத்து, காலுக்குக் கால் கம்பி பற்றவைத்தால் அடாப்டர். வால்வு ஒரு சாண் எழும்பி நிற்கும். பெட்டி மூடாது. மிராசுகள் முகம் சுளிப்பார்கள். "பாட்டு வருதா இல்லியா, அத்த சொல்லுங்க" என்பார் முதலாளி.

அதையேதான் செய்தேன். எங்கள் செட்டில் உடைந்த வால்வின் எட்டுக் கால் கட்டை. வீட்டு ரேடியோவிலிருந்து அறுத்தெடுத்த ஆறு ஓட்டை சாக்கெட். அடுப்பில் கரி கிடந்தது. பற்றவைக்கும் இரும்பை அதில் பழுக்க வைத்தேன். கேப்டன் கட்டையைப் பிடித்துக்கொண்டார். சூடு பட்டும் விடவில்லை.

அடாப்டர் ஆயிற்று. ஆனால் வால்வு ஒன்று. செட்டில் காலியான இடம் இரண்டு. ஒன்று கேட்கும் பக்கம். ஒன்று பேசும் பக்கம். கேட்கும் பக்கத்தில் போட்டால் ஊமை. பேசும் பக்கத்தில் போட்டால் செவிடு. மாற்ற வேண்டுமானால் சுவிட்சை அணைத்து, சுடச்சுடப் பிடுங்கி, அடுத்ததில் செருகி, அது மறுபடி சூடேறும்வரை சும்மா இருக்க வேண்டும்.

முதலில் கேட்போம் என்றார் கேப்டன். செருகினேன். கம்பி மெல்லச் சிவந்தது. ஹெட்போனில் இரைச்சல் ஊறிவந்தது. பிறகு தலைமையகத்தின் குரல். எதிரி டாங்கிகள் கால்வாயை மேல்புறத்தில் கடக்கின்றன. அக்கரைக் காவலை உடனே இக்கரைக்கு இழு. குண்டு நின்றிருக்கிறது, இதுதான் நேரம்.

உண்மைதான். குண்டு நின்றிருந்தது. எருமையும் நிறுத்திவிட்டது.

அடுத்து அவன் குரல். விதிப்படி இந்தியில் கூப்பிட்டான். இரண்டு முறை. பிறகு விதியை விட்டுவிட்டான்.

"டேய் முருகேசா. உசுரோட கீறியா? எதுனா சொல்றா."

கேப்டனிடம் அவன் பேசுவதைச் சொன்னேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். இந்தியில் சொன்னால் நம்பமாட்டான். புதுச் சொல் அவனுக்குத் தெரியாது. உங்கள் ஊர்ப் பேச்சிலேயே கூப்பிடு. அதை எதிரியால் பேச முடியாது என்றார். சரியான யோசனை. இன்றைக்கும் நான் அதில் குறை சொல்லமாட்டேன்.

வால்வைப் பிடுங்கினேன். விரல் தோல் அதோடு போனது. பேசும் பக்கத்தில் செருகினேன். காத்திருந்தேன்.

"சடையா, நான்தான். டேங்கி வருதுடா. எல்லாரையும் இட்டுக்கினு பாலத்துக்கு இந்தாண்ட வந்துடு." மூன்று முறை சொன்னேன். செவிட்டுக் காதோடு சொன்னேன். மறுபடி பிடுங்கிக் கேட்கும் பக்கத்துக்கு மாற்றினேன்.

அவன் சிரிக்கவில்லை. சந்தேகப்பட்டான். மலைக்காரன் லேசில் நம்பமாட்டான், சமவெளிக் கீழ்நாட்டாரான நாங்கள் அவனை அப்படிப் பழக்கிவைத்திருந்தோம். "குரலு உன்னுது மாரிதான் கீது. நீதான்னு எப்பிடி நம்பறது? மொதமொத எங்க வூட்டுக்கு வந்தியே. எங்கம்மா இன்னா ஆக்கிப் போட்டா? அத்த சொல்லு, வரன்."

மறுபடி மாற்றினேன். மறுபடி செவிடு. வால்வு சூடேறுகிற நேரத்தில் கேப்டன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் என்ன கேட்டான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நம்பியிருக்கவும் மாட்டார்.

"சாமச்சோறு. மொச்சக்கொட்ட கொழம்பு. உப்பே இல்ல. வாய மூடிக்கினு துன்னேன். போதுமா? கெளம்பி வாடா."

அதையும் இரண்டு முறை சொன்னேன். கடைசிச் சொல்லை முடிக்கும்போது இடிந்த சுவர் வழியாகப் பார்க்கிறேன். அக்கரையில் மண்மூட்டைகள் அசைகின்றன. ஒருவன் வெளியே வருகிறான். பின்னால் இன்னொருவன். எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. கேப்டன் என் முதுகில் தட்டினார். அவர் கண்ணில் நீர்.

தலைமையகத்துக்குக் காது கொடுக்க வேண்டும். வால்வைப் பிடுங்கி மாற்றினேன். சிவந்தது. இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கத்திக் கத்திக் கட்டிப்போன குரல். அக்கரைக் காவல் வெளியே வரவேண்டாம். எதிரி பீரங்கி பாலத்தைக் குறிவைத்துவிட்டது. நம் டாங்கிகள் வந்துகொண்டிருக்கின்றன. உள்ளேயே இருக்கச் சொல். கேட்கிறதா. கேட்கிறதா.

எவ்வளவு நேரமாக அந்த மனிதர் கத்திக்கொண்டிருந்தாரோ. நான் உப்பில்லாத குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம்தான்.

இன்னொரு முறை மாற்ற நேரமில்லை. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். ஓடினேன். ஆறு பேர் பாலத்தில் குனிந்து வருகிறார்கள். கடைசியில் வருகிறவன் முதுகில் செட். ஏரியல் ஆடுகிறது. அது சடையன். மற்றவர்களை முன்னால் விட்டு வருகிறான்.

"உள்ள போ! சடையா, உள்ள போ!"

அவன் கையை ஆட்டினான். நான் வரவேற்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

துணி கிழிகிறது. பாதியில் நிற்கிறது. இன்னொன்று கிழிகிறது. அதுவும் பாதியில் நிற்கிறது. அதற்குமேல் தனித்தனியாகக் கேட்கவில்லை. பிறகு தண்ணீர்ச் சத்தம். மரப்பலகைகள் தண்ணீரில் விழும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

உச்சிப்பொழுதுக்கு முன்பே எங்கள் டாங்கிகள் வந்துவிட்டன. எதிரி திரும்பிப் போனான். ஊர் எங்களுடையதாகவே இருந்தது. அக்கரைப் பதுங்குகுழிக்குள் போய்ப் பார்த்தோம். ஒரு மூட்டைகூடச் சரியவில்லை. தேநீர்ப் பாத்திரம் அடுப்பில் இருந்தது. பக்கத்தில் ஒரு பீகார்க்காரன் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அவன் பிறகு சொன்னான். தனக்குப் புரியாத பாஷையில் வருவது உத்தரவு ஆகாது, அடையாளச் சொல் எங்கே என்று கேட்டானாம். மற்றவர்களும் தயங்கியிருக்கிறார்கள். சடையன்தான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்திருக்கிறான். இது என் ஊர்க்காரன், என் அம்மா கையால் சாப்பிட்டவன், பொய் சொல்லமாட்டான் என்று இந்தியில் சொல்லியிருக்கிறான். ஐந்து பேர் எழுந்தார்கள். இவன் எழவில்லை.

என் மேல் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. விசாரித்தார்கள். எழுதிக்கொண்டார்கள். அடாப்டர் செய்ததற்குப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது வடக்கனந்தலில் கரும்பு வெட்டப் போகிற பிள்ளைகள் செல்போனில் பேசிக்கொண்டே கேட்கிறார்கள், கேட்டுக்கொண்டே பேசுகிறார்கள். தானிய விலை கேட்கவும் திட்டிக்கொள்ளவும் அந்த வசதி இருக்கிறது. எனக்கு அன்று ஒரே ஒருமுறை இருந்திருந்தால் போதும். நினைத்தால் வயிறு எரிகிறது. எழுபது தாண்டிய பிறகும் எரிகிறது.

லீவில் வந்தேன். கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறினேன். அவன் அம்மாவுக்குத் தந்தி போய்ச் சேர்ந்திருந்தது. அதைப் படித்துக் காட்ட ஊரில் ஆள் இல்லை. நான்தான் படித்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். வால்வைப் பற்றிச் சொல்லவில்லை, அந்த அம்மாவுக்கு அது தேவையில்லை. அவனைக் கூப்பிட்டேன், வந்தான், குண்டு விழுந்தது என்றேன்.

"நீ கூப்ட்டன்னுதான் வந்தானா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"வேற யாரு கூப்ட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டான்."

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். என் தோளைத் தொட்டுச் சொன்னார். நான் அங்கிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

மறக்காமல் இருக்க வேண்டியவர்களுக்காகக் கணக்கை எழுதுகிறேன். வீடு ஒன்று, கூரை போனது. லாரி ஒன்று. எருமை ஒன்று. நடைபாலம் ஒன்று. சின்ன செட் ஒன்று, தண்ணீரோடு போனது. வீட்டுக்காரரின் ரேடியோ ஒன்று, அதைக் குடல் உருவியவன் நான். ஆறு கால் வால்வு உடையவில்லை. அடுத்த நாளும் வேலை செய்தது. கேப்டன் அந்த வாரமே வேறொரு ஊரில் செத்தார். அவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தக் காலையில் செத்தவர்கள் ஏழு பேர். ஒருவன் கரும்பில். ஆறு பேர் பாலத்தில். அந்த ஆறு பேரில் நான் சொன்னது புரிந்து வந்தவன் ஒருவன். மற்ற ஐந்து பேர் அவன் முகத்தைப் பார்த்து வந்தவர்கள்.