மச்சாளின் வலப்பக்கம்

ஹலோ... ஹலோ, எமில்டாவோ?... ஓம், அண்ணன்தான். சேமக்காலையில, றோசலின்ர கல்லறையடியில நிண்டு கதைக்கிறன்... ஓம், ஓம், கண் சுகம். நல்லாத் தெரியுது. தெரியிறதுதான் இப்ப பிரச்சினை. அவளுக்குப் பக்கத்தில ஆரின்ர புதுக்குழி?...

அழாதை. கேட்டதுக்கு மறுமொழி சொல்லு.

ஆர்?... குச்சவெளியால வந்து கருவாடு விக்கிற மனுசியோ? கோயில்ல கடைசி வாங்கில இருக்கிறவ?... ஓம், ஆருமில்லாத சீவன். அதுக்கு? என்ர பெண்சாதிக்குப் பக்கத்தில நான் படுக்க வைச்சிருந்த இடமோ உனக்குக் கிடைச்சது? நான் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போன நேரம் பார்த்து!

...ஓம், போன் எடுத்தனீதான். ஒவ்வொரு நாளும் எடுத்தனீ. சாப்பிட்டீங்களோ அண்ணா, மருந்து விட்டீங்களோ அண்ணா. இதை மட்டும் சொல்லேல்லை. வேற ஆரும் செய்திருந்தால் ஏசிப்போட்டு விட்டிருப்பன். நீயெல்லோ செய்தனீ!

என்ன?... ஆண்டவர் நெஞ்சை நிறைச்சு வைச்சிருக்கிறாரோ? நல்லது. நிறைஞ்சால் உன்ர சோத்தைக் குடு, உன்ர கட்டிலைக் குடு... கட்டிலும் குடுத்தனீயோ?... கடைசி மட்டும் உன்ர அறையிலயோ கிடந்தவ? அப்ப நீ எங்க படுத்தனீ?... குசினியிலயோ!... ம்.

அது வேற கதை. இது அப்பு வாங்கின நிலம். பெரிய வெள்ளிக்கு ஆண்டவரைச் சிலுவையால இறக்கிற குடும்பம் நாங்கள். ஊர் என்ன சொல்லும்? பிறத்தியாளைக் கொண்டுவந்து...

எந்தச் சூசை?... அரிமத்தியாச் சூசையோ? எனக்கோ படிப்பிக்கிறாய்? ஓம், ஆண்டவருக்குக் கல்லறை குடுத்தவர். தன்ர கல்லறையைக் குடுத்தவர், எமில்டா. தமையன்ர கல்லறையை இல்லை!

என்ன?... திருப்பிச் சொல்லு... உன்ர இடத்தைத்தான் குடுத்தனீயோ? பிறகென்னெண்டு என்ர இடத்தில... ஓம்... மச்சாளுக்கு வலப்பக்கம் எண்டு சொல்லிவிட்டனீ. ஓம். படுத்திருக்கிற றோசலினுக்கு வலம்தான் உன்ர இடம். குழி வெட்ட வந்தவன் கால்மாட்டில நிண்டு தன்ர வலத்தைப் பார்த்துப்போட்டான்!... அடக்கத்துக்கு வந்த பிறகுதான் கண்டனீயோ?... கண்டும் சொல்லேல்லை.

...தோண்டி மாத்திறதோ? விசரோ உனக்கு? அடக்கம் பண்ணின மனுசியை எழுப்பி இடம் மாத்திற ஆக்களோ நாங்கள்?

அந்தப் பக்கமோ? அது உன்ர இடமெல்லோ... எனக்கோ? அப்ப நீ?... எங்கயாவதோ! தகப்பன்ர நிலம் இருக்க, நீ எங்கயாவது போய்ப் படுக்கிறதோ? வாயை மூடு.

...

பொறு, இந்தப் புதுக்குழிக் குருசைக் குனிஞ்சு பார்க்கிறன். குருசில பேரொண்டையும் காணேல்லை... எழுதிறவன் இன்னும் வரேல்லையோ? சரி, நான் அவனோட கதைக்கிறன். எங்கட நிலத்தில பேரில்லாமல் ஒருத்தரும் படுக்கப்படாது. பேரென்ன?... கருவாட்டக்கா எண்டு குருசில எழுத ஏலுமோ? ஞானஸ்நானப் பேரைச் சொல்லு... ஆக்னேசம்மா. தகப்பன் பேர்?... ஒருத்தருக்கும் தெரியாதோ?...

...சரி. சவிரிமுத்து எண்டு போடச் சொல்லுறன்... ஓம், அப்புவின்ர பேர்தான். ஆக்னேசம்மா சவிரிமுத்து. ஊர் கேட்டால் எங்கட ஆள் எண்டு நான் சொல்லிக்கொள்ளுறன்.

அழாதை எண்டெல்லோ சொன்னனான்... இல்லை, நான் மன்னிச்சுப்போட்டன் எண்டு நினையாதை. அந்த மனுசி எனக்கு ஒண்டும் ஒளிக்கேல்லை. நீதான் ஒளிச்சனீ.

வைக்கிறன்.