காத்து எறங்குற வரைக்கும்

— ஆணி இல்ல மாமா. போன தடவையும் ஆணி இல்ல, அதுக்கு முந்துன தடவையும் ஆணி இல்ல. நான்தான் ஆணின்னு நெனச்சு ஏமாந்துட்டேன்.

— மெதுவா பேசு சேகரு. கடை முன்னுக்கு ஆளு நிக்குது.

— அது சீனக் கெழவரு. சைக்கிளுக்குக் காத்தடிக்க வந்திருக்காரு. அவருக்கு என்னா தமிழா தெரியும்? நீங்க இப்படி வாங்க, இந்த டயரப் பாருங்க. ஆணின்னா எங்க குத்தும்? ரோட்டுல படுற எடத்துல, நடுவுல குத்தும். இது பக்கச் செவுரு. பக்கத்துல ஓட்டை விழுந்தா ஒட்டுப் போட முடியாது, டயரையே தூக்கிப் போடணும். உங்க மவன் மோட்டர் சைக்கிளுக்கு மட்டும் மூணு தடவையும் பக்கத்துலயே குத்துதுன்னா, என்னா மாமா அர்த்தம்?

— ரோட்டுல என்னென்னமோ கெடக்குதுப்பா.

— இருளாண்டி மாமா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— புது டயரு எவ்வளவு ஆச்சுப்பா?

— சொல்லுங்கலா.

— நான்தான்யா.

— நெனச்சேன். எதுல குத்துனீங்க?

— ஸ்குரூடிரைவர். ஜாகா வேலைக்குப் போறப்போ டார்ச்லைட்டோட ஒண்ணு வச்சிருப்பேன்ல, அது. ராத்திரி காவல் முடிஞ்சு விடியக்காலையில வருவேன். வீட்டுக்குள்ள போகாம, அப்படியே மோட்டர்கிட்ட உக்காந்து...

— உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? பாதி குத்தி விட்டிருந்தா பையன் ஓட்டுறப்போ வெடிச்சிருக்கும், தெரியுமா தெரியாதா?

— தெரியும்யா. அதனாலதான் பாதி குத்தல, முழுசா குத்துனேன். காத்து முழுசா எறங்குற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். டயரு தரையில படுத்தப்பறந்தான் உள்ள போயி காப்பி குடிச்சேன்.

— பெத்த புள்ள மோட்டருக்கு எவனாச்சும் இப்படிப் பண்ணுவானா? எதுக்கு மாமா?

— நீ சொன்னதுனாலதான்.

— நானா? நான் எப்ப டயரக் குத்தச் சொன்னேன்?

— ரெண்டு வருசத்துக்கு முந்தி என் மவன் தினேஸு புது டயர் மாட்டிக்கிட்டு, போன வேகத்துல ரவுண்டபோட்டுல சாஞ்சு விழுந்தான்ல? கால்ல இரும்பு வச்சாங்கள்ல? ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தப்ப நீ அவன்கிட்ட என்னா சொன்ன?

— எல்லாருகிட்டயும் சொல்றதுதான். புது டயர் மேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும், அச்சுலேர்ந்து கழட்டுறதுக்குப் பூசுனது. அது தேயுற வரைக்கும் சாய்க்காத, தடால்னு பிரேக் புடிக்காத, வேகமா முறுக்காத. டயரு ரோட்டப் பழகட்டும், நீயும் டயரப் பழகிக்க. இதத்தான் சொன்னேன்.

— அத அவன் கேக்குறான்யா! அதான் விசயம். அப்பன் சொன்னா கேக்க மாட்டான், ஆத்தா அழுதா கேக்க மாட்டான். நீ சொன்ன இந்த ஒண்ண மட்டும் சாமி வாக்காட்டம் கேக்குறான். புது டயர் மாட்டுனா நாலு நாளு தேரு மாதிரி போறான். அவங்கம்மாவ ஏத்திக்கிட்டு பாசாவுக்குப் போயி கீரை வாங்கிட்டு வர்றான். சனிக்கிழமை ராத்திரி ரோட்டுல பந்தயம் ஓட்டுற அந்த ரெம்பிட் பசங்க கூப்புட்டாலும், டயரு இன்னும் பழகலன்னு போக மாட்டேங்குறான். அந்த நாலு நாளுதான் உங்க அத்தை படுத்தா தூங்குறா. மத்த நாளு வாசல் கேட்டுப் பக்கமே காதை வச்சுக்கிட்டுக் கெடப்பா.

— மாமா...

— பொண்டாட்டி தூங்குறான்னா நானும் கிலாங் ஃபேக்டரி வாசல்ல நிம்மதியா உக்காந்திருப்பேன். போன் அடிச்சா பதற மாட்டேன். நாலு நாளு. அவ்வளவுதான் நான் கேட்டேன்.

— சாவியப் புடுங்கி வக்க வேண்டியதுதான?

— வச்சேன். அடுத்தவன் மோட்டர் பின்னுக்கு ஏறிப் போனான். அது இன்னும் மோசம். அடிச்சேன், ரெண்டு வாரம் வீட்டுக்கே வரல. பொலீஸுக்கே போன் பண்ணிச் சொன்னேன்யா, பெத்த மவனப் புடிங்கன்னு. அவனுங்க இந்த ரோட்ட அடைச்சா இவனுங்க அந்த ரோட்டுக்குப் போயிடுறானுங்க. வேற என்னா பண்ணச் சொல்ற?

— கூட்டாளி சுரேன் பந்தயத்துல செத்தப்பறமாவது அவனுக்குப் பயம் வந்திருக்கணுமே.

— சுரேன் பேரை எடுக்காத. போன தடவை நான் டயரக் குத்துனேன்ல, நீ புதுசு மாட்டிக் குடுத்த. அதே வாரம் சனிக்கிழமைதான் சுரேன் போனான். இவன் புது டயருன்னு வீட்டுல இருந்துட்டான். நெதமும் ரெண்டு பேரும் ஒட்டுனாப்புல போறவனுங்க, சேகரு. மறுநாளு அவன் பொட்டியத் தூக்குன நாலு பேருல என் மவன் ஒருத்தன். நான் பின்னால நடந்து போறேன். நான் மட்டும் குத்தலன்னா... அதுக்கு மேல நெனைக்கவே முடியல.

— சரி. அதுக்காக இப்ப மறுபடியும் குத்திட்டீங்களா?

— அதான் இல்ல. அதச் சொல்லத்தான் வேகாத வெயில்ல நடந்து வந்தேன். இந்தத் தடவை நான் குத்தலப்பா.

— மாமா!

— சத்தியமா சொல்றேன், காளியாத்தா மேல சத்தியம். இன்னைக்கு விடியக்காலையில குத்தணும்னுதான் போனேன். இன்னைக்கு சனிக்கிழமை. ராத்திரி பெரிய பந்தயம், இவன் பேரக் குடுத்திருக்கானுங்கன்னு கேள்விப்பட்டேன். டயர்கிட்ட உக்காந்தேன், ஸ்குரூடிரைவர எடுத்தேன். கை வரல.

— ஏன்?

— சுரேன் அப்பன் மூஞ்சி முன்னுக்கு வந்து நிக்குது. குத்துனா நாலு நாளு. அப்பறம்? அடுத்த மாசம் நாலு நாளு. அப்பறம்? எத்தனை டயரத்தான் குத்துவேன்? விதின்னு ஒண்ணு இருந்தா ஸ்குரூடிரைவரா நிறுத்தும்? எழுந்து உள்ள போயி படுத்துட்டேன். ஒம்பது மணிக்கு எந்திரிச்சு வந்தா டயரு தரையோட தரையா கெடக்கு. இவன் ஒனக்குப் போனப் போட்டு மோட்டர எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிட்டு வேலைக்குப் போய்ட்டானாம்.

— ஆமா, நான்தான் லாரியில தூக்கிட்டு வந்தேன். இருங்க, ஓட்டைய நல்லாப் பாக்குறேன்... ஆமா மாமா. போன ரெண்டு தடவையும் உருண்டையா சின்ன ஓட்டை. இது நீளமா, வாய் பொளந்தாப்புல இருக்கு. கத்திதான் இது.

— பாத்தியா? எவனோ கேட்டு ஏறி வந்து வெட்டிருக்கான்யா! என் மவன் மேல யாருக்கோ கோவம். இன்னைக்கு டயரு, நாளைக்கு? பந்தயம்னா ரெண்டு கூட்டம் இருக்கும்ல, இவன் ஓட்டக்கூடாதுன்னு எவனோ... ரோட்டுல சாவான்னு பயந்துக்கிட்டு இருந்தேன், இப்ப வீட்டுலயே வந்து...

— மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

— எனக்குத் தண்ணி வேணாம். நீ ஒண்ணு பண்ணு. புது டயர மாட்டிட்ட. அவன் வந்தா, இது வேற சாதி டயரு, ஒரு மாசம் மெதுவாத்தான் ஓட்டணும்னு சொல்லு.

— ஒரு மாசமா? அவன் போனத் தட்டிப் பாப்பான் மாமா. ரெண்டு நிமிசத்துல நான் பொய்யன்னு தெரிஞ்சிரும். அப்பறம் நான் சொல்ற எதையுமே கேக்க மாட்டான். இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. புது டயரு பழகிருச்சுன்னா பழசவிட நல்லாப் புடிக்கும். நாலு நாளு கழிச்சு அவன் இன்னும் தைரியமாத்தான் சாய்ப்பான். நீங்க பண்ணது அதுதான்.

— ...அது எனக்குத் தோணவே இல்லையேப்பா.

— ஐயோ, அழுவாதீங்க மாமா. ஆனா ஒரு விசயம் எனக்குப் புரியல. இங்க வாங்க, கழட்டுன டயரோட ஓரத்தத் தொட்டுப் பாருங்க.

— என்னா இது, முள்ளு முள்ளா?

— ரப்பர் முடி. புது டயர்ல இருக்கும். ரோட்டுல படுற எடத்துல சீக்கிரம் உதுந்துரும். ஓரத்துல உதுரணும்னா மோட்டர நல்லா சாச்சு ஓட்டணும். அதுக்கு முந்துன டயர நான் கழட்டுனப்போ ஓரம் சுத்தமா மொட்டை, ரப்பரு உருண்டு உருண்டு கெடந்துச்சு. அது ரெம்பிட் டயரு. இது சுரேன் செத்த வாரம் மாட்டுன டயரு. நடுவுல தேஞ்சிருக்கு, நல்லாவே ஓடியிருக்கு. ஆனா ஓரத்துல முடி அப்படியே இருக்கு.

— அப்படின்னா?

— அப்படின்னா, இந்த டயர்ல உங்க மவன் ஒரு தடவைகூட வேகமா சாய்க்கல. பால்காரரு மாதிரி ஓட்டிருக்கான்.

— போய்யா. சனிக்கிழமையானா போறானே, நான் பாக்குறேனே. நல்லாப் பாரு, வேற யாரோட டயரையாவது எடுத்துக் காட்டுறியா?

— என் கையால மாட்டுனது மாமா, எனக்குத் தெரியாதா? இருங்க, வேன் வந்து நிக்குது. புக்கிட் ரம்பாய் கிலாங் வேன். உங்க மவன் எறங்குறான்.

— ஐயையோ! என்னைய இங்க பாத்தான்னா ஆயிரம் கேள்வி கேப்பான். ஆணி விசயமெல்லாம் வெளிய வந்துரும். நான் எங்கயாச்சும்...

— அந்த டயர் அடுக்குக்குப் பின்னால போங்க. கொசு கடிக்கும், பொறுத்துக்குங்க.

— அவன் கேட்டா ஆணின்னே சொல்லு சேகரு. கத்தின்னு சொல்லிராத, எவன்டான்னு சண்டைக்குக் கெளம்பிருவான்.

— போங்க, போங்க... வா தினேஸு! அரை நாளுதானா இன்னைக்கு?

— ஆமாண்ணே. மோட்டர் ஓகேயா?

— பின்னால புதுசு மாட்டியாச்சு. பழசு ஆணி குத்திருந்துச்சு.

— ம்ம். ஆணி... எங்க, கை வச்சுப் பாக்குறேன். செம்ம வழவழப்புலா.

— பின்ன? ஒனக்குச் சொல்ல வேண்டியதில்ல. இன்னைக்கு நேர் ரோட்டுல மட்டும் போ. நாளைக்கு கோலா சுங்கை பாரு பக்கம் கடலோரமா ஓட்டு, அங்க வளைவெல்லாம் லேசாத்தான் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா சாச்சுப் பாரு, டயரு என்னா சொல்லுதுன்னு கேளு. பின்னால வழுக்குற மாதிரி இருந்தா விட்டுரு. காத்து சரியா இருக்கான்னு நாளைக்குக் காலையில, ஓட்டுறதுக்கு முன்னாடி பாரு.

— சரிண்ணே. ண்ணே, ஒரு ஹெல்ப் வேணும்.

— சொல்லு.

— பந்தயம் வக்கிற கோகுல் ஒங்களுக்குப் போன் பண்ணுவான். இன்னைக்கு ராத்திரி நான் வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். தினேஸு டயரு எப்ப பழகும்னு கேப்பான். ரொம்ப நாளாகும்னு சொல்லுங்க.

— எத்தன நாளு?

— ஒரு மாசம். ரெண்டு மாசம். எவ்ளோ முடியுமோ அவ்ளோ.

— இன்னைக்கு என்னாடா, எல்லாரும் ஒரு மாசம் கேக்குறீங்க.

— எல்லாருமா? வேற யாரு?

— ஒண்ணுமில்ல, நீ சொல்லு. வரலன்னு நீயே கோகுல்கிட்ட சொல்ல வேண்டியதுதான?

— சொல்ல முடியலண்ணே. சுரேன் பேர்ல பந்தயம் வச்சிருக்கானுங்க. அவன் கூட்டாளி நீதான் ஓட்டணும்ங்குறானுங்க. இத்தன வாரமும் போனேன், ஓரமா நின்னு பாத்துட்டு வந்துட்டேன். சுரேன் செத்ததுலேர்ந்து பொட்டச்சி ஆயிட்டியான்னு கேக்குறானுங்க. வாயத் தொறந்தா ஓட்ட மாட்டேன்னு வர மாட்டேங்குது, சரி மச்சான்னுதான் வருது. மோட்டர்ல உக்காந்து சாய்க்கலாம்னு நெனச்சாலே இந்தக் காலு, இரும்பு வச்ச காலு, தன்னால ஆடுது.

— சத்தமா சொல்லு தினேஸு. கம்ப்ரசர் ஓடுது, காதுல விழல.

— பயமா இருக்குன்னு சொல்றேண்ணே. பயமா இருக்கு.

— அந்த டயரு ஆணி குத்துனது இல்லடா. கத்தி. யாரு வெட்டுனா?

— ...முந்துன ரெண்டு தடவையும் ஆணி இல்லண்ணே. எங்கப்பா.

— ஒனக்குத் தெரியுமா?

— மொத தடவ தெரியாது. ரெண்டாவது தடவ ஜன்னல்லேர்ந்து பாத்தேன். குத்திட்டு, காத்து எறங்குற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. எனக்குச் செம்ம கோவம். வெளிய போயி கத்தலாம்னு இருந்தேன். அந்தச் சனிக்கிழமைதான் சுரேன்...

— தெரியும்டா. சொல்லு.

— அதுலேர்ந்து ஒவ்வொரு வாரமும் அப்பா குத்துவாரு, குத்துவாருன்னு பாக்குறேன். அவரு குத்துனா யாரும் என்னைய ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல? இன்னைக்கு விடியக்காலையில கேட்டு சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சு ஜன்னல்ல நின்னேன்.

— சத்தமா சொல்லுடா. நல்லாச் சத்தமா.

— ஸ்குரூடிரைவர எடுத்துக்கிட்டு டயர்கிட்ட உக்காந்தாருண்ணே. குத்துங்கப்பா, குத்துங்கப்பான்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டே நின்னேன். அவரு ரொம்ப நேரம் டயரயே பாத்துட்டு, குத்தாம எழுந்து உள்ள போய்ட்டாரு. அதான் நானே குத்திட்டேன்.