ரப்பர் மேட்டைக் காணோம்

...இல்ல சார், தொட்டுப் பாருங்க, தூக்கிப் பாருங்க, ஆனா சத்தம் ஏன் இவ்வளவு மந்தமா வருதுன்னு மட்டும் கேக்காதீங்க. மூணு மாசமா அதையேதான் நான் இந்தச் செவுத்துகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். ரெண்டு ரெக்கார்டு பிளேயரும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம். ஜன்னலோரம் இருக்கே, அது கணீர்னு பாடுது. இது போர்வைக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பாடுது. அதனாலதான் இதை விக்கிறேன். சொல்லிட்டேன், மறைச்சு விக்கிறது நமக்கு ஆகாது. வாக்குக் குடுத்தாச்சு, இது உங்களுக்குத்தான்.

மோட்டாரா? அய்ய, அதை மட்டும் சந்தேகப்படாதீங்க. பெல்ட்டு கிடையாது, அறுந்து போறதுக்கு ஒண்ணுமில்ல. தட்டுக்கு நேர் அடியில மோட்டார், டைரக்ட் டிரைவ். சுவிட்சைத் தொட்டா... பாத்தீங்களா? கண்ணு சிமிட்டுறதுக்குள்ள ஸ்பீடு புடிச்சிருச்சு. இந்த வீட்டுல நான் சொன்னதும் கேக்குற ஒரே ஜீவன் இதுதான்.

வினை எங்க வந்துச்சுன்னா, மேட்டுல. தட்டு மேல, ரெக்கார்டுக்குக் கீழ போடுற வட்ட விரிப்பு. அதுல என்ன இருக்குங்கறீங்க? எங்க வீட்டம்மாவும் இதே மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான் கேட்டா. கம்பளி மேட்டு போட்டேன், ரெக்கார்டை எடுத்தா கூடவே ஒட்டிக்கிட்டு வருது, வாசல் வரைக்கும் அழுதுக்கிட்டே வர்ற குழந்தை மாதிரி. தோல் போட்டேன், ரூமு பூரா செருப்புக்கடை வாசனை. பட்டறைக்காரரைப் புடிச்சு இரும்புல ஒண்ணு கடைஞ்சேன். ஊசிக்கு மேல காந்தம் இருக்கும்ல, லபக்குன்னு இழுத்துக்கிச்சு. கடைசியா இந்தக் கார்க்கு, தக்கை மேட்டு.

இதுக்கெல்லாம் முன்னாடி, பிளேயரோடயே வந்த ரப்பர் மேட்டு ஒண்ணு இருந்துச்சு சார். அதைத்தான் காணோம். யாரு எடுத்ததுன்னு சொல்லவா? என் மச்சான். அன்னிக்கு வந்தான், டீ குடிச்சான், என்னைப் பாத்துச் சிரிச்சான், போனான். மறுநாள் மேட்டு இல்ல. ஏற்கனவே என் ஏணி அவன் வீட்டுலதான் நிக்குது. போன் போட்டு நேராவே கேட்டேன். "அதை வெச்சு நான் என்ன மாமா பண்ண, கால் தொடைக்கவா?"ங்கறான். எடுத்தவன்தான் அப்படிப் பேசுவான். அன்னிக்கோட அவன்கூடப் பேச்சு இல்ல. வீட்டம்மாவா? தம்பியத் திருடன்னு சொன்ன வாயோட எனக்கென்ன பேச்சு, ரெண்டு பாட்டுப் பொட்டியில ஒண்ணு வெளிய போகட்டும்னுட்டா. அதுக்கப்புறம் டீ டம்ளரை ணங்குனு வெக்கிறதுதான் பேச்சு.

சிரிச்சான்னேனே, ஏன்னு கேளுங்க. நான் துண்டால கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கண்ணு பாத்துட்டா காது பொய் சொல்லும் சார். எந்த மேட்டு நல்ல மேட்டுன்னு தெரியணும்னா, பாக்காம, கையால தடவித் தடவி மாத்திப் போட்டுக் கேக்கணும். முறையாத்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். ரப்பரை வெச்சேன், அப்பப் பாத்து உள்ள வந்து கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். வந்த கோவத்துல எதை எடுத்தேன் எதை வெச்சேன்... துண்டை அவுத்துப் பாத்தா மேல கார்க்கு இருந்துச்சு. சரி, இதுவே இருக்கட்டும்னு விட்டவன்தான், இன்னிக்கு வரைக்கும்...

சார், மெதுவா. உதிரும் அது. எதுக்கு இப்ப அதைத் தூக்குறீங்க?

...

அடியில கறுப்பா இருக்கு. ரப்பரு.

...மூடிருங்க சார். அப்படியே மூடிருங்க. இருங்க, இருங்க. ரெண்டு மேட்டு உசரத்துல ரெக்கார்டு உக்காந்திருக்கு. ஊசி மாட்டுன கை அண்ணாந்து பாத்தா பாட்டு எப்படி வரும்? கார்க்கை எடுத்துட்டு ஒரு தடவை போடுங்க...

கேக்குதா? கணீர்னு...

சார், உங்களுக்கு அந்த ஜன்னலோரத்து பிளேயர் புடிக்கலியா? அதுவும் ரொம்ப... என்ன, வாசலைப் பாத்துச் சிரிக்கிறீங்க?

நீ எப்ப வந்தே? கார்க்கைத் தூக்குறதுக்கு முன்னாடியேவா? யாருக்குப் போன் அடிக்கிறே, உன் தம்பிக்கா? வேணாம், சொல்றேன்ல... என் கையில எதுக்குக் குடுக்குறே?

ஹலோ. மச்சான். நான்தான்... ஒண்ணுமில்ல, சும்மா. அந்த ஏணி... ஏணி வேணாம்ப்பா, நீயே வெச்சுக்க. டீ குடிச்சியா?... சார், சார், பிளேயரை எங்க தூக்குறீங்க? ரப்பர் மேட்டோடயா? வாக்குக் குடுத்தேன்தான், ஆனா சார்...

இல்ல மச்சான், உன்னைச் சார்னு கூப்பிடல... சரி, உன்னையும்தான். சொல்லுங்க சார்.