மூன்று செக்கன் மௌனம்

பதுளையில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன கறி என்று தெரியாமல் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது. அம்பலவாணர் ஐயா, இதை நீங்கள் குற்றமாக எழுதப் போவதில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வந்து பதினோரு வருடமாகிறது. தேநீருக்குச் சீனி போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெமோதரைக்கு பஸ் ஏறிப்போய், ரயில் வருவதைப் பார்த்துவிட்டு, ஏறாமலே திரும்பி வருகிறீர்கள். இதையெல்லாம் நான் யாரிடமும் விசாரித்ததில்லை. காதில் விழுந்ததுதான்.

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும் காணும்," என்கிறீர்கள். சரி.

பெயர் நிமலன். வயது நாற்பத்திரண்டு. பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், கசெட் பதிவுக் கடை. இரண்டாயிரத்து இரண்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். அதோடு ஒரு மென்பொருளும் வந்தது. ஒரு மணி நேரக் கசெட்டை ஓடவிட்டு உள்ளே வாங்கிக்கொண்டால், அதுவே தனித்தனிப் பாட்டாக வெட்டிக் கொடுத்துவிடும். திரையில் சத்தம் பச்சைக் கோடாக ஏறி இறங்கும். கோடு தட்டையாகும் இடம்தான் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. எத்தனை செக்கன் மௌனம் இருந்தால் வெட்ட வேண்டும் என்று நாம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். திருவிழாப் பாட்டுக் கசெட்டுக்கு இரண்டு செக்கன் போதும். பேச்சுக்கு இரண்டு வைத்தால் மூச்சு விடும் இடமெல்லாம் வெட்டு விழும். அதனால் பேச்சுக்கு மூன்று வைப்பேன்.

பேச்சுக் கசெட்டுகள் அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களிடமிருந்து வருபவை. எழுதத் தெரியாத தாய்மாருக்கு எழுதி என்ன பயன்? பேசிப் பதிந்து, ஊருக்கு வரும் யாராவது ஒருத்தியின் கையில் கொடுத்தனுப்புவார்கள்; அவள் இங்கே வந்து தபாலில் போடுவாள். தோட்டத்துக்கு வரும் தபால் தோட்டக் காரியாலயத்தில் கிடந்து உறங்கும் என்பதால், பலர் என் கடை விலாசத்தையே கொடுத்திருந்தார்கள். இவன் கையில் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம்.

ரெங்கம்மா ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். குடியிருப்பது லயத்தில்; பன்னிரண்டு காம்பரா, அதாவது பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு அறை. ஒரே மகள் நிசாந்தினி இரண்டாயிரத்து மூன்றில் போனாள். போன புதிதில் ஒரு சீடி பிளேயர் வாங்கி அனுப்பினாள். அது வந்த பிறகு பழைய ரேடியோ பழுதாகிவிட, கசெட் போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் இல்லை. அந்த அரபு வீட்டில் டெலிபோனைத் தொட விடமாட்டார்கள். ஆகவே மகளின் குரல் தாயிடம் போக ஒரே வழி என் கடைப் படிதான்.

முதல் கசெட்டின் போது ரெங்கம்மா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, கசெட் வந்திருக்குன்னு தெரிஞ்சா பன்னெண்டு காம்பரா ஆளும் நம்ம வாசல்ல வந்து குந்திரும். புள்ள எல்லார் பேரையும் சொல்லி சொகம் கேப்பா. அத ஒரு சீடில போடுங்க. வீட்டு வெசயம் ஏதும் இருந்தா தனியா இன்னொண்ணுல போட்டுத் தாங்க. காதுல வாங்காம பிரிக்க முடியுங்களா?"

"மெசினே பிரிச்சிரும்மா. நான் கேக்கவே மாட்டேன்," என்றேன்.

இந்த விவகாரத்தில் நான் வாய் திறந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கசெட் முப்பத்தெட்டுத் துண்டாக வந்தது. பெண் வாயாடி. "ராக்கம்மா அத்தே, இன்னமும் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் பிந்தித்தான் போறீங்களா? கங்காணி பாவம், உங்க பேரக் கூப்பிட்டே தொண்ட கட்டியிருக்கும்." நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. மூன்று செக்கனுக்கு மேல் அவள் சும்மா இருந்தால், அடுத்து வருவது லயத்து ஆட்களுக்கானது அல்ல. யாரும் வருகிறார்களா என்று பார்ப்பாள் போலும். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டுக்கார அம்மா கத்துகிறாள், பசிக்கிற நேரத்தில் சாப்பாடு இல்லை என்பாள். மென்பொருள் மிகச் சரியாக அந்த இடத்தில் வெட்டியிருக்கும். நான் ஒழுங்காக இரண்டு சீடி போட்டு ரெங்கம்மாவிடம் கொடுத்தேன்.

இரண்டாவது கசெட் இரண்டாயிரத்து நான்கு ஐப்பசியில் வந்தது, தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது. பச்சைக் கோடு அடிக்கடி தட்டையானது. ஏழு செக்கன். ஒன்பது செக்கன். இருபத்திரண்டாம் துண்டுக்கு முன்னால் பதினொரு செக்கன்.

"அம்மா, இத ஆளுக முன்னால போட்றாதீங்க. துணி கருகிருச்சுன்னு அயன்பொட்டிய எம்முதுகுல வச்சுட்டாங்க. வேல நேரம் போக ராவு பகலா ரூமப் பூட்டி வக்கிறாங்க. என்னய இங்கேருந்து எடுத்துருங்கம்மா. கொழும்புல ஆபிசு இருக்கு. பெத்தவங்க போயி எழுதிக் குடுத்தாத்தான் இங்க ஆள் வருவாங்களாம். லரீபா அக்கா விசாரிச்சுச் சொன்னா."

லரீபா பதுளைப் பெண்தான். பக்கத்து வீட்டில் வேலை. மொட்டைமாடிச் சுவருக்கு மேலால் கசெட்டை வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள். கொழும்பு விலாசமும் அந்தத் துண்டிலேயே இருந்தது. மூன்று தடவை கேட்டேன். பிறகு அதை மட்டும் வேறு ஒரு இடத்தில் போட்டுவைத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ரெங்கம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு உண்டு. கிளினிக் கொப்பியை நானே பார்த்திருக்கிறேன். பண்டிகை வேறு வருகிறது. லயத்தில் ஒரு பெண்ணின் முதுகைப் பற்றிப் பேச்சுக் கிளம்பினால், நாளைக்கு அவள் திரும்பி வந்து எப்படி வாழ்வாள்? நாக்குகள் எப்படிப்பட்டவை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெருவைக் கடப்பதற்குள் எதையும் யாரிடமாவது சொல்லிவிடுகிற நான், இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இரகசியத்தைக் காப்பாற்றினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுச் சீடி வெறுமையாக இருந்தால் சந்தேகம் வரும். "வேல கஷ்டந்தாம்மா, வெயிலு தாங்கல" என்ற மாதிரியான துண்டுகளைச் சேர்த்தேன். நடுவில் இருந்த மௌனங்களை எடுத்துவிட்டேன். மௌனத்தை எடுத்துவிட்டால், ஐயா, எந்தக் குரலும் சுறுசுறுப்பாகிவிடும். "புள்ள தெம்பாத்தான் பேசுது," என்று ரெங்கம்மா சந்தோஷப்பட்டார்.

தீபாவளி முடிந்து, பதில் பதிய அவர் கடைக்கு வந்தார். கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டு, மைக்குக்கு வாயை ஒட்டவைத்துக்கொண்டு பேசினார்.

"தங்கம், நீ சொன்னது எல்லாத்தையும் ரெண்டு தடவ போட்டுக் கேட்டேன். கஷ்டந்தான். எங்க போனாலும் அப்பிடித்தான். பல்லக் கடிச்சுக்கிட்டு ரெண்டு வருசத்த முடிச்சிட்டு வா. நடுவுல வந்தா ஊரு சிரிக்கும்."

பதிலில் நான் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. தொழிலில் எனக்கு நேர்மை உண்டு. அப்படியே கசெட்டில் ஏற்றி, அந்தப் பக்கம் போகும் ஒரு பெண்ணின் கையில் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாவது கசெட் தை மாதம் வந்தது. முழுக் கசெட்டுக்கும் மூன்றே துண்டு. மிச்சமெல்லாம் தட்டைக் கோடு.

"எல்லாத்தையும் கேட்டேன்னு சொன்னீங்கம்மா. கேட்டுட்டும் இருன்னுதான் சொல்றீங்க. சரிம்மா. கோவமில்ல. இனி கேக்க மாட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதுங்கள். ஆனால் லயம் சீடிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இதில் யாருக்கும் ஒரு சுகம் விசாரிப்புக்கூட இல்லை. ஆகவே அந்த மூன்று துண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, முதல் கசெட்டிலிருந்த சுகம் விசாரிப்புகளை முன்பின்னாக மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். ராக்கம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்ததாம்.

"ஏன்டி, போன வருசமும் இதத்தான என்னயக் கேட்டா?"

"நீ போன வருசமும் பிந்தித்தான போன!" என்று யாரோ சொல்ல, வாசலே சிரித்ததாம். எனக்குப் பிற்பாடு சொன்னார்கள்.

மாசி மாதம் நிசாந்தினி அந்த வீட்டின் நான்காம் மாடியிலிருந்து கீழே விழுந்தாள். குதித்தாள் என்று அங்கிருந்து வந்த காகிதம் சொன்னது. சவப்பெட்டி வந்தபோது நானும் ஸ்பிரிங்வெளிக்குப் போனேன். முன்வரிசையில் நின்றேன்.

சித்திரையில் லரீபா ஊருக்கு வந்தாள். வந்தவள் நேரே ரெங்கம்மாவிடம் போனாள். பிறகு இருவருமாக என் கடைப் படியேறி வந்தார்கள்.

"அண்ணே, அந்தப் புள்ள அழுதழுது சொன்னது எங்க?" என்றாள் லரீபா. "அவ உம்மா, இவங்க, அதக் கேக்கவே இல்லியாமே. கேட்டுட்டும் இருக்கச் சொல்லிட்டாங்கன்னு அவ எங்கிட்டச் சொன்னாளே. அதுக்குப் பொறகு அவ சோறே திங்கல்ல."

மறைக்க என்ன இருக்கிறது? இருபத்திரண்டாம் துண்டைப் போட்டேன். ரெங்கம்மா முக்காலியில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"இது எப்ப வந்திச்சு தம்பி?"

"ஐப்பசியிலம்மா."

"தீவாளிக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

"நான் வந்து பேசுனேனே, அதுக்கும் முந்தியா?"

"ஆமாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. "இன்னொருக்காப் போடுங்க," என்றார். போட்டேன். அதற்குப் பிறகும் போடச் சொன்னார். கடை பூட்டும் வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவர் வேலைக்குப் போவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று கேள்வி. நெஞ்சு படபடப்புக்கு மருந்து எடுப்பதையும் நிறுத்திவிட்டாராம்.

அவர் நெஞ்சுக்காகத்தான் செய்தேன் என்று முன்னே சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் ஒரு காரணத்தைச் சொல்லாமல் விட்டேன். இரண்டாவது கசெட்டைக் கேட்டு முடித்ததும் எனக்கு வந்த முதல் யோசனை ரெங்கம்மாவைப் பற்றியது அல்ல. இவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் அடுத்த கசெட் வராதே என்பதுதான். பூட்டிய அறைக்குள் பிறகு என்ன நடந்தது என்று யார் வந்து சொல்வார்கள்? பதில் கசெட்டை வெட்டாமல் அனுப்பியதும், அதைக் கேட்டு அவள் என்ன சொல்வாள் என்று பார்க்கத்தான். அவளைத் தள்ளிவிட்டது நான்தான் என்று எழுதுவதானால் எழுதுங்கள். மறுக்க மாட்டேன்.

கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் லரீபா வரும்போது நான்காவதாக ஒரு கசெட்டையும் கொண்டுவந்தாளாம், கேட்க மனமில்லாமல் அப்படியே இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டாளாம். அந்தப் பழுப்பு உறைக்குள் இருப்பது அதுதானே? இந்த நிலையத்தில் கசெட் போடும் மெசின் இல்லை என்றும் கேள்விப்பட்டேன். கான்ஸ்டபிள் ஒருவரைக் கூடவே அனுப்புங்கள், என் கடை பக்கம்தான். ஒரே ஒரு தடவை, ஐயா. கடைசியில் என்ன சொன்னாள் என்று தெரியாமல் நான் எப்படிச் சிறையில் இருப்பது?