வெள்ளைத் தொப்பியில் ஒரு கறுப்பு நூல்

ஜனவரி 9, வெள்ளி. ஐந்தரைக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மின்கட்டணம் கட்டிவிட்டு ஆரணியில் போளூர் பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் மடியில் பிரித்த பார்சல், அதில் குழந்தைகளுக்கான வெள்ளைக் கம்பளித் தொப்பிகள்.

"திருஷ்டிப் பொட்டு வெக்காத தொப்பிய நான் வெளிய அனுப்ப மாட்டேன் அண்ணி," என்றார் அவர். அதன் பிறகு என்னால் ஒட்டுக்கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுக்குன்னு ஒவ்வொண்ணுலயும் கறுப்பு நூலு சேத்துப் பின்னுவியா? கறைன்னு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க பாரு."

"திருஷ்டிக்குன்னு போன்ல சொன்னேன். கடைக்காரம்மா சிரிக்கிறாங்க."

"சிரிச்சிட்டுப் போவட்டும். உனக்கு கீற ஒரே பெரிய ஆர்டரு இது. நூல உருவிட்டு ஜல்தியா அனுப்பு."

"உருவ மாட்டேன்."

"பேஜார் புடிச்சவளே! தறியில பட்டு நெய்யுற உன் புருஷன், என் தம்பியே முதலாளி சொன்ன கலரத்தான் போடுறான்."

"அவருக்கு முதலாளி கீறாரு. வீட்ல உக்காந்து பின்னிகினு கீற எனக்கு நான்தான் முதலாளி."

"அப்ப இத்தினி தொப்பிய யார் தலையில மாட்டுவ?"

"மொதல்ல உன் தலையில. ஊரு கண்ணெல்லாம் உம்மேலதான அண்ணி!"

அண்ணி சிரித்துவிட்டார். இளையவர் கைப்பேசியை எடுத்தார். "கறுப்பு நூல் இல்லாம என்கிட்ட தொப்பி வராதுங்க. வேணாம்னா ஆர்டர கேன்சல் பண்ணிக்கங்க," என்று சொல்லி வைத்துவிட்டு, பார்சலை இறுக்கிக் கட்டினார்.

ஜனவரி 10, சனி. காலை எழுந்ததும் முதல் வேலையாக, அக்காவின் பேத்திக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளைத் தொப்பியை எடுத்து, ஓரத்தில் கறுப்பு நூலால் ஒரு தையல் போட்டேன்.